ஏலமலையின் உயரக் கணக்கு

சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டபோது அதன் உயரம் 177 அடி. இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அன்று அதுதான். மெட்ராஸுக்குப் போய்வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்த கதையை ஊரில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்பே, போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, ஏலமலையில் தேக்கடிக் காட்டுக்குள் 176 அடி உயரத்தில் ஒரு சுவர் எழுந்து நின்றுவிட்டது. முல்லைப் பெரியாறு அணை. எழுபதுகளில் அதே மலைத்தொடரின் மேற்குப் பக்கம் இடுக்கியில் 168.91 மீட்டர் உயர அணை எழுந்தது. அன்றைக்கு நாட்டின் உயரமான கட்டடமாக இருந்த மும்பை உலக வணிக மையத்தின் உயரம் 156 மீட்டர்தான். 2010இல் துபாயில் புர்ஜ் கலீஃபா 828 மீட்டரில் திறக்கப்பட்டது. அதே வருடம் போடிக்குப் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் இன்னொரு சாதனைக் கட்டுமானமான நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் குறித்தார்கள். அது மேலே போகவேண்டியதில்லை. மலையின் வயிற்றுக்குள், தலைக்கு மேல் 1,300 மீட்டர் பாறை இருக்கும்படி அமையவேண்டியது.

மலையின் இந்த மூன்று கட்டுமானங்களில் முதல் இரண்டும் எழுந்தன, மூன்றாவது எழவில்லை. இந்த மூன்றின் கதையையும் தனித்தனியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மலையின் மூன்று அத்தியாயங்களாக வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. ஏலமலையில் ஒரு கட்டுமானத்தின் தலையெழுத்தை எழுதுவது அதன் உயரமோ எடையோ இல்லை என்பது என் எண்ணம். அது சாய்ந்து நிற்கும் சரிவும், அந்தச் சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்களுமே அதை எழுதுகிறார்கள்.

முதலில் சரிவைப் பார்க்கவேண்டும். போடி ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டு வந்துசேர்ந்தால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே வந்திருப்போம். விடியுமுன்னே போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்புகின்றன. காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் தூக்குவாளியோடு, இடித்துப் பிடித்து உட்கார்ந்து போகிறவர்கள் அவர்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்புகள் இறங்கும். மேட்டுக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், கொட்டகுடி ஆற்றை நம்பிய வயலும் மானாவாரிக் காடும். மேட்டைத் தாண்டியதும் பூப்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலச்செடி வளரும் ஈரக் காடு. மழை அங்கே கொட்டுகிறது, தாகம் இங்கே இருக்கிறது. இந்த மலையில் மனிதன் கட்டிய பெரிய சுவர்களுக்கெல்லாம் மேற்கே பெய்யும் மழைதான் மூலம்.

முல்லைப் பெரியாறு யோசனை, அதைக் கட்டிய பென்னி குயிக்குக்கு நூறு வருடம் மூத்தது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கில் ஆள் அனுப்பி இடம் பார்த்தார், பணம் இல்லாமல் நின்றுபோனது. 1808இல் கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்து பார்த்து இது ஆகாது என்று எழுதினார். 1850இல் தொடங்கிய வேலை காய்ச்சலாலும் கூலிப் பிரச்சினையாலும் நின்றது. கடைசியில் 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை கையெழுத்தாகி, 1887இல் ஜான் பென்னி குயிக் தலைமையில் வேலை ஆரம்பித்து, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

கட்டிய முறையைக் கவனியுங்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்த கான்கிரீட் உட்பகுதி, இரு முகத்திலும் கல் கட்டு. மேலே 3.6 மீட்டர் அகலம், அடியில் 42.2 மீட்டர். தன் எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கும் அணை அது. சாமான்களை அடிவாரத்திலிருந்து கம்பிவட வழியாக மேலே ஏற்றி, காட்டுக்குள் படகில் கொண்டுபோனார்கள். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. தேங்கிய நீரைக் கிழக்கே திருப்ப மலை முகட்டைக் குடைந்து ஏறத்தாழ 1.7 கிலோமீட்டருக்குச் சுரங்கம் வெட்டினார்கள். நோயில் மட்டும் 483 பேர் இறந்தார்கள் என்பது பதிவு. அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. ஜனவரி 15இல் பாலார்பட்டியில் பென்னி குயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள், லோயர்கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்கள் உண்டு. இவ்வளவு நன்றி காட்டத் தெரிந்த நாம் அந்த 483 பேரையும் அந்தப் பொங்கலில் சேர்த்துக்கொண்டால் அது நிறைவாகும்.

அந்த அணையின் உயரம் கட்டி முடித்ததோடு முடிந்த சமாச்சாரமும் இல்லை. 152 அடி வரை தேக்க வேண்டிய நீரை 1979இல் பாதுகாப்பு அச்சத்தால் 136 அடிக்குக் குறைத்தார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கேரளம் உடனே சட்டத்தைத் திருத்தித் தடுத்தது. 2014 மே 7இல் அந்தச் சட்டத்திருத்தத்தை நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த நவம்பரில் நீர் 142ஐத் தொட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் இந்த எண்கள் மனப்பாடம். பெரியாற்றின் கீழ்ப்போக்கில் வண்டிப்பெரியாறு பக்கம் குடியிருக்கிற பிள்ளைக்கும் அதே எண்கள் மனப்பாடம், ஆனால் பயத்தோடு. அணை பலப்படுத்தப்பட்டு உறுதியாக இருக்கிறது என்று நிபுணர் குழுவும் உச்ச நீதிமன்றமும் சொன்னதை நான் ஏற்கிறேன். அந்தப் பயத்தைப் பொய் என்று தள்ளிவிட மட்டும் எனக்கு மனம் வரவில்லை. ஆறடிக்கு இரண்டு மாநிலம் முப்பது வருடத்துக்கு மேல் சண்டையிட்டது அந்தச் சுவருக்கு மேலும் கீழும் மனிதர்கள் இருப்பதால்தான்.

இடுக்கிக்கு வருவோம். இங்கே ஒரு தவறான பெருமையை முதலில் விலக்கிவிடவேண்டும். ‘ஆசியாவிலேயே உயரமான வளைவு அணை’ என்று சுற்றுலாக்காரர்களிடம் இன்றும் சொல்கிறார்கள். ஜப்பானின் குரோபே அணை 186 மீட்டர், ஈரானின் தெஸ் அணை 203 மீட்டர். இரண்டும் வளைவு அணைகள், இரண்டும் 1963 வாக்கிலேயே முடிந்தவை. இந்தியாவுக்குள்ளேயே பக்ரா அணை 226 மீட்டர், ஆனால் அது எடையால் நிற்கும் வகை. இடுக்கிக்குச் சரியாகச் சேரும் பெருமை, இரட்டை வளைவு அணை என்ற வகையில் இந்தியாவின் முதல் பெரிய அணை என்பது. அதுவே போதும். அதன் அருமை உயரத்தில் இருப்பதைவிட மெலிவில் இருக்கிறது.

168.91 மீட்டர் உயரத்துக்கு உச்சியில் 7.62 மீட்டர் கனம், அடியில் 19.81 மீட்டர் கனம், அவ்வளவுதான். முல்லைப் பெரியாற்றைவிட மூன்று மடங்கு உயரமான சுவர், அதன் அடி அகலத்தில் பாதிகூட இல்லாமல் நிற்கிறது. எடையால் நிற்கும் அணையாக இதே உயரத்துக்குக் கட்டியிருந்தால் அடியில் உயரத்தின் முக்கால் பங்கு அகலமாவது வேண்டியிருக்கும். இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு நம் ஊர்க் கிணற்று உறையே சாட்சி: சுற்றிலும் மண் நெருக்க நெருக்க உறை இறுகுகிறதே தவிர சரிவதில்லை. இடுக்கியில் அணை நீரைப் பார்த்து வளைந்திருக்கிறது, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும். நீர் தள்ளும் தள்ளலை அந்த வளைவு வாங்கி இரண்டு பக்கத்துக் கரும்பாறைக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஒரு பக்கம் 839 மீட்டர் உயரக் குறவன் மலை, மறுபக்கம் 925 மீட்டர் உயரக் குறத்தி மலை. அந்தப் பாறைகள் நல்ல பாறைகளாக இல்லாவிட்டால் உலகின் எந்தப் பொறியாளரும் அங்கே இந்தச் சுவரைக் கட்டியிருக்க முடியாது. அணையின் பாதி வேலையைப் பல கோடி வருடத்துக்கு முன்னே மலை செய்துவைத்திருந்தது.

அந்த இடுக்கைக் காட்டிக் கொடுத்தவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். 1922இல் வேட்டைக்கு வந்த மலங்கரை எஸ்டேட் மேலாளர் டபிள்யூ.ஜே. ஜானை அவர்தான் அந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே அழைத்துப்போனார். ஜான் 1932இல் திருவிதாங்கூர் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பிறகு இத்தாலியப் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், 1947இல் விரிவான அறிக்கை வந்தது. 1967இல் கனடா உதவிக்கு வந்தது. அந்நாட்டு எஸ்.என்.சி. நிறுவனம் ஆலோசனை தர, ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி 1969 ஏப்ரல் 30இல் வேலையைத் தொடங்கியது. 1973 பிப்ரவரியில் நீர் தேக்க ஆரம்பித்தார்கள். 1976 பிப்ரவரி 12இல் இந்திரா காந்தி மின் உற்பத்தியைத் தொடங்கிவைத்தார். கொலும்பனுக்கு அணைப் பக்கத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

இப்படி ஒரு வளைவுச் சுவர் எழும் விதமே தனி. சிமெண்ட் இறுகும்போது சூடு பிறக்கும். பெரிய அளவில் ஒரே மூச்சில் கான்கிரீட் கொட்டினால் உள்ளே வெந்து, ஆறும்போது வெடிப்பு விடும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தூண்களைப் போலத் தனித்தனிக் கட்டங்களாக ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கட்டமும் ஆறிச் சுருங்கியபின், இடையிலுள்ள இணைப்புகளில் அழுத்தத்தோடு சிமெண்ட் பாலைச் செலுத்தி ஒட்டுவார்கள். அதுவரை அங்கே வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்கள்தான் இருக்கின்றன, வளைவு இல்லை. கடைசி இணைப்பு நிரம்பிய பிறகே அது ஒரே உடம்பாக மலையைப் பிடித்துக்கொள்கிறது. இடுக்கிக்கு ஏறத்தாழ 4,60,000 கன மீட்டர் கான்கிரீட் பிடித்தது. பெரியாற்றின் வெள்ளத்தை வெளியே விட இந்த வளைவில் மதகே கிடையாது. அந்த வேலையைப் பக்கத்துச் செறுதோணி அணை பார்க்கிறது. மூன்றாவதாகக் குளமாவு அணை. மூன்று சுவர்களுக்கு ஒரே நீர்த்தேக்கம், சுமார் 60 சதுர கிலோமீட்டர்.

இடுக்கியின் உண்மையான உயரம் இந்த அணையிலும் இல்லை. தேக்கிய நீரை மலைக்குள் சுரங்கத்தில் கொண்டுபோய், 660 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே, மூலமற்றத்தில் பாறைக்குள் குடைந்த மின்நிலையத்தில் விழவைக்கிறார்கள். ஆறு இயந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட். ஷாங்காய் கோபுரத்தின் உயரம் 632 மீட்டர். அதைவிட உயரமான ஒரு வீழ்ச்சி யார் கண்ணுக்கும் தெரியாமல் மலைக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

கீழே போனவர்கள் கணக்கும் உண்டு. 1961இல், கட்டுமானம் தொடங்குவதற்கு எட்டு வருடம் முன்பே, நீர்ப்பிடிப்புக்காக ஐயப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த விவசாயிகளை மழைக்காலத்தில் வெளியேற்றிக் குமுளி அருகே அமராவதியில் கொண்டுவந்து விட்டார்கள். ஒண்ட இடமில்லாமல் அவர்கள் நனைந்து கிடந்ததைக் கண்டு கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கேரள அரசியலையே உலுக்கிய போராட்டம் அது. குளமாவு பக்கம் வைரமணி என்ற ஊர் நீரில் போனது. கோடையில் நீர் நன்றாக வற்றினால் அதன் பழைய தேவாலயச் சுவர்கள் வெளியே தெரியும், முன்பு அங்கே இருந்த குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். குடியேறியவர்கள் காட்டை அழித்தார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. பட்டினிக் காலத்தில் நெல்லும் கப்பையும் விளைவிக்க அரசே அவர்களை மலையேற்றியது என்பதும் உண்மை. ஏற்றியவரே இறக்கும்போது முதலில் கூரையைக் கட்டிக் கொடுத்திருக்கவேண்டும்.

2018 ஆகஸ்டில் இடுக்கி நிரம்பியது. 9ஆம் தேதி செறுதோணியின் மதகு 26 வருடத்துக்குப் பிறகு திறந்தது. மறுநாள் ஐந்து மதகுகளும் ஒன்றாகத் திறந்தன. செறுதோணிப் பாலத்தில் நீர் ஏறுவதற்குச் சற்று முன் மீட்புப் படை வீரர் ஒருவர் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய காட்சியை எல்லாத் தொலைக்காட்சியிலும் பார்த்தோம். வளைவுச் சுவர் அசையவில்லை. அதன் கீழே ஆற்றின் பழைய தடத்தில் இருபத்தாறு வருடத்தில் முளைத்திருந்த கடைகளும் பேருந்து நிலையமும்தான் சிதைந்தன. ஆறு வராது என்று நம்பி ஆற்றுக்குள் ஊர் வளர்ந்ததைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை.

சரிவு உயரமான கட்டடத்தை மட்டும் பார்த்து இறங்குவதும் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள், குடியிருந்தது லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில். கொடைக்கானலில் கட்டடம் ஏழு மீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. மூணாறு வட்டாரத்தில் மூன்று மாடிக்கு மேல் கட்டுவதற்கு 2023இல் கேரள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இவை வேண்டிய விதிகள். ஆனால் மாடிகளை எண்ணுவது எளிது. மலையை எங்கே வெட்டினார்கள், ஓடையை எங்கே மூடினார்கள், யாரை எந்தச் சரிவின் அடியில் குடிவைத்தார்கள் என்பதை எண்ணத்தான் ஆள் இல்லை.

பொட்டிப்புரத்தைப் பற்றித் தமிழில் எழுதியவை பெரும்பாலும் இரண்டு வகை: ஆய்வகம் வந்தால் அழிவு, அல்லது எதிர்த்தவர்கள் அறிவிலிகள். இரண்டுமே எனக்குச் சம்மதம் இல்லை.

திட்டத்தின் பின்னால் உண்மையான அறிவியல் மரபு இருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடம் 1965இல் பதிவானது. உலகின் முதல் பதிவுகளில் அது ஒன்று. தொண்ணூறுகளில் அந்தச் சுரங்க ஆய்வகம் மூடப்பட்டது. விட்ட இடத்தைப் பிடிக்க எழுந்ததே இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். முதலில் பார்த்த நீலகிரி சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் மறுக்கப்பட்டது. அடுத்து போடி மேற்கு மலை, அம்பரப்பர் மலையின் அடி. சுமார் இரண்டு கிலோமீட்டர் கிடைமட்டச் சுரங்கம், அதன் முடிவில் 132 மீட்டர் நீள மண்டபம், அதில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. ஐஃபல் கோபுரத்தில் இருக்கிற இரும்பு 7,300 டன். ஏறத்தாழ ஏழு ஐஃபல் கோபுரங்களை 5.6 செ.மீ. தகடுகளாக்கி அடுக்குவது என்று வையுங்கள். ஜெனீவாவுக்கு அருகே இருக்கும் சி.எம்.எஸ். ஆய்வுக் கருவியின் காந்தத்தையும் விஞ்சி உலகின் மிகப் பெரிய மின்காந்தமாக ஆகியிருக்கும். தலைக்கு மேலிருக்கும் பாறை விண்வெளிக் கதிர்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக வடிகட்டும். அதற்காகத்தான் அந்த மலை வேண்டியிருந்தது.

நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது. இதைப் படிக்கிற நொடியில் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பைக் கடந்து போகின்றன. கதிர்வீச்சு பரவும், ஊர் அழியும் என்று மேடைபோட்டுச் சொன்னது தவறு. ஊர்க்காரர்களின் மற்றக் கேள்விகள் அப்படி இல்லை. மலையைக் குடைந்தால் ஊற்று என்ன ஆகும், லட்சக்கணக்கான கன மீட்டர் கல்லை எங்கே கொட்டுவார்கள், வெடி அதிர்வு எவ்வளவு தூரம் போகும், மாடு மேய்க்கவும் கும்பிடவும் மலைக்குப் போகிற வழி திறந்திருக்குமா? ஆழ்குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிற ஊரில் இவை முதல் கேள்விகள்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மூன்று மாதத்துக்குள் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை போட்டது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது என்பது காரணம். மாநில எல்லை கோப்பில் இருக்கிறது, மலையில் இல்லை என்பதை அந்த உத்தரவு நினைவூட்டியது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது, எந்தப் பிரிவில் தெரியுமா? ‘கட்டடம் மற்றும் கட்டுமானத் திட்டங்கள்’. அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ஐ.டி. வளாகத்துக்கும் எந்தப் பிரிவில் பரிசீலனை நடக்குமோ அதே பிரிவு. கிலோமீட்டர் கணக்கில் பாறையை வெடிவைத்துக் குடையும் வேலையைத் தரைப்பரப்பு அளவால் எடைபோட்டார்கள். இந்தத் திட்டத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடு அதுதான் என்று நினைக்கிறேன். எதிரிகளின் கூச்சலைவிட இந்தக் குறுக்குவழி அதற்கு அதிகம் தீங்கு செய்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2021 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமரைக் கேட்டுக்கொண்டார். பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டானையும் இணைக்கும் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

மதுரையில், பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட கருவியின் சிறு வடிவம் 2018 முதல் வேலை செய்கிறது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அளவில் பதினொரு இரும்பு அடுக்குகள், நடுவே மெல்லிய கண்ணாடி உணர்விகள், மொத்தம் 85 டன். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோவைப் பற்றித் தேடவிருந்த விடையைத் தேடி சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. இதில் நமக்கு இழப்பு உண்டு. தமிழ்நாட்டு மாணவர்கள் ஒரு தலைமுறைக்கு அங்கே கற்றிருப்பார்கள். வழித்தடம் தப்பியதில் லாபமும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கோப்புகள் மறுபடி வரத்தான் போகின்றன. இடுக்கிக்கு 800 மெகாவாட் விரிவாக்கத்தைக் கேரள மின்வாரியம் திட்டமிடுகிறது. முல்லைப் பெரியாற்றில் புது அணை வேண்டும் என்ற கோரிக்கையையும் கேரளம் விடவில்லை. முல்லைப் பெரியாற்றுக்கு மட்டும் இரு மாநிலமும் உட்காரும் மேற்பார்வைக் குழு இருக்கிறது. மலை முழுவதற்கும், போடியிலிருந்து மூலமற்றம் வரைக்கும், அப்படி ஒரு மன்றம் வேண்டும். அதன் மேசைக்கு வரும் எந்தத் திட்டத்திலும் உயரம், கொள்ளளவு, மெகாவாட் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். மேலே அதிகமாகப் பெய்தால் கீழே எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், இங்கே வெடிவைத்தால் எந்த ஊற்று நிற்கும், எந்த ஊர் எழும்பவேண்டும், எழும்பும் முன் அவர்களுக்கு வீடு எங்கே தயார் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, பொட்டிப்புரம், செறுதோணி மாதிரியான ஊர்களின் கிராம சபையில் வாசித்துக் காட்டி, வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்த பிறகு மட்டுமே முதல் பக்கத்தில் கையெழுத்து விழவேண்டும்.